சோடா லொறியில் ஒரு பிஸ்டல்

கமலஹாசனின் ‘ஹே ராம்’ 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் வெளிவந்தது. கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. அப்படத்தைப் பற்றி நம்மவர்களிடையே நடந்த விவாதங்கள் அநேகமாக ஒரே கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றி வந்தன. படம் முஸ்லிம்களுக்கு எதிரானதா, இல்லையா? தையற்காரன் அல்தாபைக் காட்டி எதிரானது என்றது ஒரு சாரார். அம்ஜத் கானைக் காட்டி இல்லை என்றது மறு சாரார். ஒரு தட்டில் அல்தாபையும் மறு தட்டில் அம்ஜத்தையும் வைத்து நிறுத்துப் பார்த்தோம். ஆசிரியர் கலாசாலை விடுதியில் தேய்ந்துபோன வீசிடி ஒன்றில் அப்படத்தைப் பார்த்துவிட்டு விடியும்வரை சண்டை பிடித்தவர்களில் நானும் ஒருவன். தராசை விட்டுக் கண்ணை எடுக்கத் தோன்றவில்லை.

அண்மையில் அதை மீண்டும் பார்த்தேன். இம்முறை என் கண் போனது மனிதர்களிடம் அல்ல, ஒரு பொருளிடம். சாகேத் ராமின் பிஸ்டலிடம். அப்படிப் பார்க்க வைத்தவன் என்னுடைய மாணவன் ஒருவன்.

ஒன்பதாம் தர வகுப்பில் காந்தியைப் பற்றிப் பேச்சு வந்தது. டில்லியில் பிரார்த்தனைக்குப் போகும் வழியில் கோட்சே சுட்டான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பின்வாங்கிலிருந்து ஒருவன் எழும்பி, “சேர், என்ன துவக்கால சுட்டான்?” என்றான். பிஸ்டலால் என்றேன். “என்ன பிஸ்டல் சேர்?” என்றான். வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. பப்ஜியும் ஃப்ரீ ஃபயரும் விளையாடும் பிள்ளைகளுக்கு வெறும் பிஸ்டல் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு, எத்தனை தோட்டா பிடிக்கும் என்ற கணக்கு உண்டு. பெயர் தெரியாத துவக்கு அவர்களுக்குப் பெயர் தெரியாத மனிதனைப் போல. நாளைக்குச் சொல்கிறேன் என்று தப்பித்துக்கொண்டேன். காந்தியைப் பற்றி எத்தனையோ வருடம் படிப்பித்திருக்கிறேன். அந்தக் கேள்வி எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

தேடிப் பார்த்தால், அந்தப் பிஸ்டலுக்கு ஒரு வாழ்க்கை வரலாறே இருக்கிறது. அது இத்தாலியில் செய்யப்பட்ட பெரெட்டா, 1934 மாதிரி. அதன் இலக்கம் 606824. நீளம் 15 சென்ரிமீற்றர் அளவுதான். சட்டைப் பையில் அடங்கும். ஏழு தோட்டா கொள்ளும். முசோலினியின் இராணுவ அதிகாரிகளுக்கென்று கார்தோனே என்ற மலைப்பள்ளத்தாக்கு ஊரில் வார்க்கப்பட்டது. லிபியாவில் உமர் முக்தாரை 1931இல் தூக்கிலிட்டார்களே, அதே இராணுவம். ‘பாலைவனச் சிங்கம்’ படத்தை வீடியோ டெக்கில் ஊரே கூடியிருந்து பார்த்த தலைமுறைக்கு அந்த இராணுவத்தை நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை. இந்த மாதிரிப் பிஸ்டல்களின் உடலில் ஆண்டு இரண்டு விதமாகப் பொறிக்கப்பட்டிருக்கும். ஒன்று உலகம் எழுதும் ஆண்டு. மற்றது முசோலினி பதவிக்கு வந்த 1922இலிருந்து எண்ணத் தொடங்கிய பாசிச ஆண்டு, ரோமன் இலக்கத்தில். ஒரு ஆட்சி தன்னுடைய நாட்காட்டியை இரும்பில் அடித்து வைத்திருக்கிறது. ஆட்சி போய்விட்டது, இரும்பு இருக்கிறது.

1941இல் கிழக்கு ஆபிரிக்காவில் இத்தாலியர் சரணடைந்தபோது அவர்களோடு பொருதியவர்களில் பெருந்தொகையானோர் பிரித்தானிய இந்தியப் படையினர். தோற்றவன் கழற்றிக் கொடுத்த பிஸ்டல் வென்றவனின் பெட்டியில் ஊர் போய்ச் சேருவது எல்லா யுத்தத்திலும் நடப்பது. காந்தியைக் கொன்ற பெரெட்டாவும் அப்படி ஒரு குவாலியர் படை அதிகாரியோடு அபிசீனியாவிலிருந்து வந்தது என்று சொல்லப்படுகிறது. 1948 ஜனவரி 20இல் நடந்த முதல் முயற்சி பிசகிய பிறகு, கோட்சேயும் ஆப்தேயும் நம்பகமான ஒரு பிஸ்டலைத் தேடி அலைந்தார்கள். அவர்களிடம் அதுவரை இருந்த ரிவோல்வர்கள் உபயோகத்துக்கு உதவாதவை. கடைசியில் குவாலியருக்குப் போய், கொலைக்கு இரண்டு நாட்களுக்கு முன்னர், கைமாறிக் கைமாறி வந்த இந்தப் பெரெட்டாவைப் பெற்றார்கள். அதை எடுத்துக் கொடுத்தார் என்று குற்றஞ்சாட்டப்பட்ட வைத்தியர் பர்ச்சுரே பின்னர் மேன்முறையீட்டில் விடுதலையானார். ஜனவரி 30 மாலை பிர்லா மாளிகைத் தோட்டத்தில் மூன்று வெடிகள்.

ஆக, உலகம் முழுவதும் சித்தாந்தம் சித்தாந்தம் என்று பேசும் ஒரு கொலையின் கடைசி இரண்டு நாட்கள் பழைய சாமான் வியாபாரம் போல நடந்திருக்கின்றன.

இந்தப் பழைய சாமானுக்கு ஒரு பெயர் உண்டு. இராணுவ உபரி. யுத்தம் முடிந்தால் அரசுகளிடம் இலட்சக்கணக்கில் துவக்குகள் மிஞ்சிவிடும். களஞ்சியத்தில் வைத்து எண்ணெய் பூசிக்கொண்டிருப்பதைவிட விற்றுவிடுவது மலிவு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கரான சாமுவேல் கம்மிங்ஸ் என்பவர் நாடு நாடாகப் போய் இவற்றைக் கப்பல் கணக்கில் வாங்கி, அமெரிக்காவில் சில்லறையாக விற்றே பெரும் பணக்காரரானார். பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்துத் தபாலில் துவக்கு எடுப்பித்த காலம் அது. ஜனாதிபதி கென்னடியை 1963இல் கொன்றதும் அவ்வாறு தபாலில் வந்த உபரித் துவக்குத்தான். அதுவும் இத்தாலிய இராணுவத்தினுடையது, கர்கானோ ரைபிள். தொலைநோக்கியோடு சேர்த்து 20 டொலருக்கு ஐந்து சதம் குறைவு. தபாலில் துவக்கு விற்பதையும் வெளிநாட்டு உபரியை இறக்குவதையும் கட்டுப்படுத்தி 1968இல்தான் அங்கே சட்டம் வந்தது. முசோலினியின் களஞ்சியம் அவன் செத்த பிறகும் காந்தியையும் கென்னடியையும் தேடிப் போயிருக்கிறது.

உபரிப் பிஸ்டல்களைச் சேகரிப்பவர்கள் மேற்கு நாடுகளில் ஏராளம். முத்திரை சேர்ப்பவர்களைப் போலத்தான் இவர்களும். எந்தத் தொழிற்சாலை, எந்த ஆண்டு, எந்த இராணுவத்தின் அடையாளம், பிடியின் மரம் பழையதா மாற்றியதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். இவர்களில் பலருக்கு இன்னொரு பொழுதுபோக்கும் உண்டு. படம் பார்க்கும்போது நடிகனின் கையில் இருப்பது எந்தப் பிஸ்டல் என்று கண்டுபிடிப்பது. கதை 1916இல் நடக்கிறது, பிஸ்டல் 1935இல் செய்தது என்று பிழை பிடிப்பதில் அவர்களுக்கு ஒரு தனி ஆனந்தம். நமது பண்டிதர்கள் சந்திப்பிழை பிடித்த மாதிரி.

இவர்கள் எல்லோரும் போற்றும் பிஸ்டல் ஒன்று உண்டு. ஜெர்மனியின் மௌசர் சி 96. 1896இல் வந்தது. பிடி விளக்குமாற்றுக் கட்டை போல உருண்டையாக இருக்கும். தோட்டாக் கூடு பிடிக்குள் இல்லாமல் விசைக்கு முன்னால் இருக்கும். மரத்தால் செய்த உறையையே பின்னால் பூட்டினால் ரைபிள் போலத் தோளில் வைத்துச் சுடலாம். 1898இல் சூடானின் ஒம்துர்மானில் மஹ்தியின் படைகளை அழித்த போரில் இளம் சேர்ச்சில் கையில் இருந்தது அதுதான். 1914 ஓகஸ்டில் கல்கத்தா ரொடா கம்பனிக்கு வந்த சரக்கிலிருந்து வங்காளப் புரட்சியாளர்கள் கடத்திய 50 பிஸ்டல்களும் 46,000 தோட்டாக்களும் மௌசருக்குரியவை. ஹொலிவூட்டில் 1977இல் வந்த ‘ஸ்டார் வோர்ஸ்’ படத்தில் ஹான் சோலோ பிடித்திருக்கும் விண்வெளித் துவக்கும் ஒரு பழைய மௌசரின் மேல் தொலைநோக்கியும் குழாயும் பொருத்திச் செய்ததுதான். படப்பிடிப்புகளுக்குத் துவக்கு வாடகைக்குக் கொடுக்கும் லண்டன் நிறுவனம் ஒன்றின் அலுமாரியிலிருந்து எடுத்தார்கள். அது 2022இல் அமெரிக்க ஏலம் ஒன்றில் பத்து இலட்சம் டொலருக்கும் மேலே போயிற்று.

இந்தப் பொழுதுபோக்கை நான் ஏளனம் செய்யவில்லை. பொருளை உற்றுப் பார்க்கும் பழக்கம் நல்ல பழக்கம். ஆனால் நாங்கள் அதைக் கற்றது வேறு விதமாக.

ஆலையடிவேம்பும் அக்கரைப்பற்றும் எந்த ஒழுங்கையில் பிரிகின்றன என்று வெளியூர்க்காரருக்குப் பிடிபடாது. எங்களுக்கு ஒரு காலத்தில் அது மிக நன்றாகப் பிடிபட்டது. 1987க்கும் 1990க்கும் இடையில் சிறுவர்களாக இருந்த எங்களிடம் ஒரு சேகரிப்பு இருந்தது. வெடி ஓய்ந்த மறுநாள் பொறுக்கிய தோட்டாக் கோதுகள். பித்தளை நிறத்தில், சூப்பினால் விசில் போல ஊதலாம். நீளமான கோது என்றால் இந்தியன் ஆமி, அவர்களது எஸ்எல்ஆரில் வெடித்தது. கட்டைக் கோது என்றால் இலங்கை ஆமியின் டி-56ஆகவும் இருக்கலாம், இயக்கத்தின் ஏகேயாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் தோட்டா ஒன்றே. கட்டைக் கோதைக் கையில் வைத்துக்கொண்டு யார் சுட்டது என்று பெரியவர்கள் கூடத் தர்க்கிப்பார்கள், முடிவு வராது. என்னுடைய பால்மா டின் நிறைந்தபோது உம்மா அதை அப்படியே கிணற்றில் போட்டுவிட்டார். சோதனைக்கு வருகிறவன் எந்தப் பக்கத்தவனாக இருந்தாலும் அந்த டின்னுக்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. பிறகு எங்களவர்களுக்கும் ஊர்காவல் படை என்று துவக்குக் கொடுத்தார்கள். அது இன்னொரு கதை.

இதைச் சொல்லக் காரணம், ‘ஹே ராம்’ படத்தின் நடுநாயகமான கேள்வியும் இந்தக் கட்டைக் கோதின் கேள்வியேதான். இந்தத் துவக்கு யாருடையது?

சாகேத் ராமும் அம்ஜத் கானும் தொல்லியலாளர்கள். மொஹெஞ்சதாரோவில் மோர்டிமர் வீலரின் கீழ் அகழ்வு செய்பவர்களாகத்தான் அவர்களை நாம் சந்திக்கிறோம். மண்ணிலிருந்து எடுத்த ஓட்டுத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து இது இன்ன காலத்தது, இன்ன இடத்திலிருந்து வந்தது என்று சொல்வதே அவர்களது தொழில். அந்தத் தொழிலாளி கையில் பிஸ்டலைக் கொடுத்திருக்கிறார் கமல். 1946 ஓகஸ்ட் கல்கத்தாக் கலவரத்தில் அவனது மனைவி அபர்ணாவைக் கொல்வது கத்தி. அவன் பழிதீர்ப்பதற்கு எடுப்பது துவக்கு. அல்தாபைப் பற்றி அவ்வளவு எழுதிய நாம் இந்த வித்தியாசத்தைக் கவனித்தோமா? கத்தி அந்தத் தெருவுக்குரியது, யார் வீட்டுச் சமையலறையிலும் இருப்பது. துவக்கு ஒரு வர்க்கத்துக்குரியது. அனுமதிப்பத்திரமும் பணமும் உத்தியோகமும் உள்ளவன் வீட்டில் மட்டுமே இருப்பது. இயக்குநர் இதைச் சொல்ல நினைத்தாரோ இல்லையோ, படத்தில் இருக்கிறது.

காந்தியைக் கொல்வதற்கென்று ராம் வைத்துக்கொள்வது மௌசர். அந்த விளக்குமாற்றுப் பிடியைப் பார்த்ததும் துவக்குச் சேகரிப்பவன் எவனும் துள்ளி எழுவான். மராட்டிய மகாராஜாவின் அரண்மனையில், போதையில் மைதிலியே ஒரு பெரும் பிஸ்டலாக மாறித் தெரியும் காட்சி பலருக்கு ஞாபகம் இருக்கும். அங்கே சின்னப் பெரெட்டாவைப் போட்டால் எடுபடாது. மௌசர் 30 சென்ரிமீற்றருக்கும் மேல் நீளமானது, பெரெட்டாவின் இரு மடங்கு. திரைக்கென்றே பிறந்தது. ஆனால் தோட்டத்தில் கூட்டத்துக்குள் புகுந்து, குனிந்து வணங்கிச் சுடப்போகிறவன் அவ்வளவு பெரிய சாமானை எங்கே ஒளிப்பான்? உண்மைக் கொலையாளி தேர்ந்தெடுத்தது ஏன் சின்னது என்பதற்கு அதுவே பதில். வரலாற்றில் கையடக்கமாக இருந்தது சினிமாவில் இரு மடங்காக வளர்ந்துவிட்டது.

இதைப் பிழை என்று தள்ள எனக்கு மனமில்லை. நட்டம் என்று சொல்வேன். மௌசர் கம்பீரமானது, அதைப் பிடித்திருப்பவனும் கம்பீரமாகிவிடுகிறான். ராம் வழி தவறிய காவியத் தலைவன் போலத் தெரிகிறான். 606824 என்ற இலக்கமுள்ள அந்த மலிவான, மூன்றாம் நாலாம் கைப் பிஸ்டலை அவன் கையில் கொடுத்திருந்தால் அந்தப் பளபளப்பு கழன்றிருக்கும். ஓட்டுத் துண்டின் காலம் சொல்லத் தெரிந்த ஒருவன் தன் கையிலிருக்கும் இரும்பில் பொறித்த பாசிச ஆண்டை வாசிக்கிறான் என்று வையுங்கள். கமலுக்குக் கிடைத்திருக்க வேண்டிய காட்சி அது. கோட்டைவிட்டார்.

ஆனால் அதை ஈடுசெய்யும் ஒன்றை அவர் எடுத்தார். அதனால்தான் இப்படம் இன்றும் பேசத்தக்கது. பிஸ்டல் எங்கிருந்து வந்தது என்பதைவிட எங்கே போய்ச் சேருகிறது என்பதில் படம் அக்கறை காட்டுகிறது. டில்லியில் பொலிஸ் சோதனைக்குப் பயந்து ராம் அதை ஒரு லொறிக்குள் ஒளித்துவிடுகிறான். லொறி புறப்பட்டுவிடுகிறது. அது சாந்தினி சவுக்கில் உள்ள சோடா பெக்டரிக்குரிய லொறி. ஆசாத் சோடா பெக்டரி. உள்ளே பயந்து ஒடுங்கிய முஸ்லிம் குடும்பங்கள். பிஸ்டலைத் தேடிக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போகும் ராம் அங்கே சந்திப்பது பழைய தோழன் அம்ஜத்தை. தோழன் தன்னைத் தேடி வந்திருக்கிறான் என்று அம்ஜத் மகிழ்கிறான். தேடி வந்தது எதை என்று தெரிந்தபோது அவன் முகம் போகும் போக்கை ஷாருக் கானின் வேறு எந்தப் படத்திலும் நான் கண்டதில்லை.

லொறி நகர்ந்த அந்தக் கணத்தில் என்ன நடந்துவிட்டது என்று யோசியுங்கள். காந்தியைக் கொல்ல ஒரு இந்துத் தீவிரவாதக் குழு தெரிவுசெய்த பிஸ்டல் இப்போது ஒரு முஸ்லிம் தொழிற்சாலைக்குள் கிடக்கிறது. அந்த நேரத்தில் பொலிஸ் கதவை உடைத்துக்கொண்டு வந்திருந்தால் அது யாருடைய பிஸ்டல்? “இது எங்களுடையதல்ல” என்று அந்த மக்கள் சொல்லியிருந்தால் டில்லியில் யார் நம்பியிருப்பார்கள்? உம்மா கிணற்றில் போட்ட பால்மா டின்தான் எனக்கு நினைவு வந்தது. நம்முடையதல்லாத ஒன்று நம் வீட்டில் கிடப்பதன் பயங்கரத்தைத் தமிழில் இவ்வளவு துல்லியமாக எடுத்த வேறு படம் எனக்குத் தெரியாது. பிறகு கலவரம். குற்றுயிராகக் கிடக்கும் அம்ஜத் பொலிஸார் கேட்கும்போது ராமைக் காட்டிக் கொடுக்கவில்லை, அவன் தன் சகோதரன் என்று மறைத்துவிட்டே மௌத்தாகிறான். இவ்விடத்தில் நமது விமர்சகர்கள் ‘நல்ல முஸ்லிம்’ வார்ப்புரு என்று எழுதினார்கள். எழுதியவர்களில் ஒருவர் எனக்கு மிக வேண்டியவர். அவர் சொன்னது முற்றாகப் பிழையுமல்ல. ஆயினும் அந்தப் பொய்யின் பாரத்தை அது காணத் தவறிவிடுகிறது. துவக்கு யாருடையது என்ற உண்மையைத் தெரிந்து வைத்திருந்த ஒரே முஸ்லிம் அவன். அதைச் சொன்னால் தன் சனத்துக்கு ஒரு சாட்சி கிடைத்திருக்கும். சொல்லவில்லை.

1948இல் அந்தச் சாட்சிக்கு எவ்வளவு பெறுமதி இருந்தது என்பதற்கு வரலாறு உண்டு. செய்தி பரவிய முதல் நிமிடங்களில் கொன்றவன் முஸ்லிம் என்ற வதந்தி எழுந்தது. பிர்லா மாளிகைக்கு விரைந்து வந்த மவுண்ட்பேட்டனை நோக்கிக் கூட்டத்திலிருந்து ஒருவன் அப்படிக் கத்தியதாகவும், உண்மை இன்னும் தெரியாத நிலையிலேயே அவர், இல்லை இந்து என்று திருப்பிக் கத்தியதாகவும் சொல்வார்கள். வேறு விதமாக இருந்தால் இந்தியா தாங்காது என்று அவர் கருதினாராம். கொலையாளி ஓர் இந்து என்பதை வானொலி அழுத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஒரு சொல்லில் எத்தனை உயிர் தப்பியிருக்கும்! கமலின் சோடா லொறி அந்த வதந்தியை ஒரு பொருளாக்கி ஓட்டிக் காட்டுகிறது.

தமிழ் சினிமாவில் இது விதிவிலக்கு. பொதுவாக நமது படங்களில் துவக்குக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. வில்லன் கோட்டைத் திறந்தால் இருக்கும். எத்தனை வெடி வைத்தாலும் தோட்டா தீராது. அத்தனைக்கும் தமிழ் சினிமாவை உண்மையாகவே ஒரு தோட்டா துளைத்திருக்கிறது. 1967 ஜனவரி 12இல் ராமாபுரம் வீட்டில் எம்.ஆர். ராதா எம்ஜிஆரைச் சுட்டார், தன்னையும் சுட்டுக்கொண்டார். கழுத்தில் கட்டோடு எடுத்த புகைப்படம் சுவரொட்டியாகி, படுக்கையிலிருந்தே எம்ஜிஆர் தேர்தலில் வென்றார். ஆனால் குரல் போய்விட்டது. அவ்வருடமே வந்த ‘காவல்காரன்’ படத்தில் அந்த மாறிய குரலைக் கேட்கலாம். கண்டியில் பிறந்தவர் என்று எம்ஜிஆரைச் சொந்தம் கொண்டாடிய எங்கள் வாப்பாமார், அதற்குப் பிறகு வந்த படங்களில் அவர் வசனம் பேசும்போது தொண்டையைச் செருமிக்கொண்டு உதவி செய்வார்கள் போல இருக்கும். பிஸ்டலைத் திரையில் கண்டுபிடிப்பதற்குக் கண் மட்டும் போதாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

விதிவிலக்கல்லாதவற்றுக்கு வருவோம். 1992இல் ‘ரோஜா’. 2012இல் ‘துப்பாக்கி’. 2013இல் ‘விஸ்வரூபம்’. துப்பாக்கி என்ற சொல்லே துருக்கியிலிருந்து தமிழுக்கு வந்தது என்று அகராதி சொல்கிறது. அந்தச் சொல்லைத் தலைப்பாக வைத்த படத்துக்கு எதிராகத் தமிழ்நாட்டு முஸ்லிம் அமைப்புகள் திரண்டன, சில காட்சிகள் வெட்டப்பட்டன. ‘விஸ்வரூபம்’ தமிழ்நாட்டில் தடுக்கப்பட்டது, இலங்கையிலும் சில நாட்கள் நிறுத்தி வைக்கப்பட்டது. ‘ஹே ராம்’ எடுத்த அதே கமல். அவர் பதின்மூன்று வருடத்தில் எங்கே வந்து நின்றார் என்பதை அறியக் கொள்கை விளக்கம் எதுவும் வேண்டாம், துவக்கைப் பார்த்தால் போதும். முன்னதில் துவக்குக்கு ஒரு பாதை இருந்தது. ஒளித்தவன், ஏற்றிச் சென்ற லொறி, இறங்கிய இடம். பின்னதில் ஆப்கானிஸ்தானின் மண்ணில் துவக்கு புல்லைப் போல முளைத்துக் கிடக்கிறது. எந்தக் களஞ்சியத்திலிருந்து, யார் காசில், எந்த எல்லையைக் கடந்து வந்தது என்ற கேள்விக்குப் படத்தில் நேரமில்லை.

நமது எதிர்ப்புகளும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை என்பதே என் ஆதங்கம். எங்கள் கையில் துவக்கைக் கொடுத்துவிட்டீர்கள் என்று கோபித்தோம். அது நியாயம்தான். அடுத்ததைக் கேட்டிருக்க வேண்டும். எந்தத் துவக்கு? யார் செய்தது, யார் விற்றது? ஒரு படம் அதற்குப் பதில் சொல்லத் தொடங்கினால் அதில் வரும் முஸ்லிம் தானாகவே மனிதனாகிவிடுவான். பதில் சொல்லாதவரை அவனைத் தொழுகையாளியாகக் காட்டினாலும் தாடியை மழித்துக் காட்டினாலும் ஒன்றுதான். தடை கேட்டதில் நமக்குக் கிடைத்தது சில நிமிடக் காட்சிகளின் வெட்டு. விமர்சனமாக எதுவும் மிஞ்சவில்லை. பிரதி, கதையாடல், மற்றமை என்றெல்லாம் நாம் பக்கம் பக்கமாக எழுதிய காலத்திலும் பொருளைப் பார்க்கக் கூசினோம்.

நமது நாட்டில் பிரசன்ன விதானகேயின் ‘இர மதியம’ 2003இல் வந்தது. வடக்கிலிருந்து 1990இல் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதை ஒரு சிங்கள இயக்குநர் எடுத்தார். அரபாத் என்ற சிறுவனுக்கு அவனுடைய நாயை விட்டுவிட்டுப் போக மனமில்லை. எவ்வளவு பேர் நம்மில் அதைப் பார்த்தோம்? அங்கே துவக்குக்காரர்கள் கூச்சலிடுவதில்லை. அவர்கள் பேசும் தமிழும் வெளியேறுகிறவர்கள் பேசும் தமிழும் ஒன்று. துவக்கை உற்றுப் பார்க்கும் அவசியம் இல்லாதபடி அது யாருடையது என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. சொல்லத்தான் முடியாது. சோடா பெக்டரிக்கு நேர் எதிரான நிலை இது. இரண்டையும் அடுத்தடுத்த இரவுகளில் பார்த்தேன். அப்படிப் பார்க்கும்படி நண்பர்களுக்கும் சொல்கிறேன்.

மறுநாள் வகுப்புக்குப் போய்ப் பெரெட்டா என்று சொன்னேன். “பப்ஜியில இருக்கிற பி 92ஆ சேர்?” என்று அந்தப் பையன் துள்ளினான். அதே கம்பனி, அதன் மூத்தப்பா என்றேன். கரும்பலகையில் இத்தாலி, அபிசீனியா, குவாலியர், டில்லி என்று எழுதி அம்புக்குறி போட்டேன். இலக்கத்தையும் எழுதினேன். கொப்பியில் எழுதச் சொல்லாமலே எழுதிக்கொண்டார்கள். இன்னொருவன் பண்டாரநாயக்கவைப் பற்றிக் கேட்டான். 1959, பிக்கு ஒருவர், வெள்ளைக்காரன் ஆமியின் வெப்ளி ரிவோல்வர் என்றேன். இதற்கு முதல் நாளிரவே ஆயத்தமாகியிருந்தேன்.

மூன்றாவது கேள்வியை முன்வாங்கிலிருந்த ஒரு பிள்ளை கேட்டாள். “எங்கட பக்கம் சுட்டதெல்லாம் என்ன துவக்கு சேர்?” 1990 ஓகஸ்ட் ஒரே மாதத்தில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் சுஜூதில் இருந்தவர்கள் நூற்றுக்கும் மேலே. அதே மாதம் வீரமுனையில் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழ்ச் சனம். அந்தத் துவக்குகளின் இலக்கம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. கரும்பலகையில் 606824 அப்படியே இருந்தது. கட்டைக் கோது, நீளக் கோது என்று அவளுக்குச் சொல்லத் தொடங்கினேன்.